வாவிக்கரையில் என் பெட்டி

செவ்வாய்க்கிழமை, இரவு

நான் வாவிக்கரையில் உண்டியல் வைத்துக் காசு சேர்க்கிறேன் என்று கோயில் வாசலில் பேசுகிறார்களாம். தவறு. அது பேசும் பெட்டி. பொத்தானை அழுத்தினால் கண்டி வாவியின் கதையைச் சொல்லும். தமிழ்க் குரல் என்னுடையது.

இன்று காலை அருகில் நின்று பார்த்தேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு தாய், ஒலி வருவதற்காக மேலே விட்டிருந்த பிளவில் காசைப் போட்டுக் கும்பிட்டாள்.

"இது உண்டியல் இல்லை அம்மா."

"பரவாயில்லைங்க. மகளுக்குப் பரீட்சை. போட்டது போட்டதுதான்."

பிறகு பொத்தானை அழுத்தினாள். என் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. பெட்டியைச் செய்த அக்குறணை ரிஸ்வான் வந்து திறந்தார். ஒலிபெருக்கியின் மேல் காசு குவிந்து கிடந்தது.

"டீச்சர், நீங்க படம் கீறித் தந்த மாதிரியேதான் பிளவை வெட்டினேன்," என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

உண்மைதான். என் கணவர் இருந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பார். காசைக் கோயிலில் கொடுத்தால் ஊர்ப்பேச்சு உண்மையாகிவிடும். அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

பெட்டியை வைக்க அனுமதி தந்த மாநகர சபை அதிகாரி மாலையில் தொலைபேசியில் பேசினார். வெள்ளிக்கிழமைக்குள் பெட்டியை எடுத்துவிட வேண்டுமாம். கைபேசியில் ஸ்கேன் செய்து கதை கேட்கிற ஒரு அட்டையை ஒட்டினால் போதுமாம். அந்தத் தாயிடம் இருந்தது பழைய பட்டன் போன். அவள் எதை ஸ்கேன் செய்வாள்?

எடுக்கமாட்டேன். பிளவை அடைத்து, ஒலி வரப் பெட்டியின் அடியில் சிறு துளைகள் போடும்படி ரிஸ்வானிடம் சொல்லிவிட்டேன். நாளை அதிகாரிக்கு எழுதும் கடிதத்தின் முடிவு இது:

திருத்திய பெட்டியை ஒரு மாதம் வைத்துப் பார்க்க அனுமதி தாருங்கள். மறுப்பதானால் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். காரணத்தோடு எழுத்தில் பதில் தரவும்.