கோஸ்ட் ஊர் அண்ணன் தம்பி

11.3.96 திங்கள்
மழையோட பனி. ஆஸ்பத்திரி லாண்டரியில ஹீட்டிங் இல்லை. விரிப்பு மடிச்சு மடிச்சுக் கை விறைச்சுப்போச்சு.

என்னோட வேலை செய்யிற ஹமீத் அண்ணை காலமையிலயிருந்து வாய் திறக்கேல்லை. இடைவேளையில கேட்டன். அம்மா செத்துப்போனாவாம். நேற்று ஊரிலயிருந்து போன். கோஸ்ட். ஆப்கானிஸ்தான் எல்லை, மலைக்கு அங்கால பாகிஸ்தான். ரெண்டு பக்கமும் இவையின்ர பஷ்தூன் சனம்தானாம்.

எங்கட அரைகுறை ஜெர்மன் பாஷையில சொன்னார்: "ஷ்வெஸ்டர், தங்கச்சி, என்ர தம்பிக்குச் சொல்ல வேணும். உங்கட கட்டடத்திலதான் இருக்கிறான். நூர்."

மூண்டாம் மாடி நூர்! மகளின்ர சைக்கிளுக்குச் செயின் போட்டுத் தந்தவர். இவ்வளவு காலமும் ரெண்டு பேரும் மூச்சு விடேல்லை.

"நீங்களே சொல்லுங்கோவன்."

"கதவைச் சாத்திப்போடுவான்."

12.3 செவ்வாய்
பால் முடிஞ்சுது. மகளுக்குப் பல்லு டொக்டரிட்ட டெர்மின் வியாழன்.

இண்டைக்கு ஹமீத் அண்ணை முழுக்கதையும் சொன்னார். சண்டைக் காலத்தில அவர் ஊருக்குள்ள, அரசாங்க ஆமி. நூர் மலையில, ஊரைச் சுத்தி வளைச்ச முஜாஹிதீனோட. வருசக்கணக்கா முற்றுகை. சாப்பாடு பிளேனில. ஊர் விழுந்த அண்டைக்கு, ஆமிக்காரன்ர தகப்பன் எண்டு அப்பாவை வாசலிலயே சுட்டுப்போட்டாங்கள். நூரின்ர ஆக்கள்தான். நூர் ஓடிவாறதுக்குள்ள முடிஞ்சுது.

தம்பி கூட்டிவந்த ஆக்கள்தான் கொண்டது எண்டு ஹமீத் அண்ணை. அண்ணன்ர யூனிபோர்ம்தான் கொண்டது எண்டு நூர்.

என்ர தம்பி ஜூடை மன்னாரில கொண்டுபோனதும் வேற இயக்கப் பெடியள்தான். தமிழ்ப் பெடியள். வந்தவங்களுக்கு அம்மா முதல்ல தண்ணி குடுத்தவ.

பின்னேரம் மேல போய் நூரிட்டச் சொன்னன். படியில அப்பிடியே இருந்திட்டார்.

"ஆர் சொன்னது?"

"உங்கட அண்ணை."

"எனக்கு அண்ணை இல்லை."

வீட்டில மனிசன் ஏச்சு: "உனக்கேனப்பா இந்த வேலை?" தலையிடி.

16.3 சனி
ஹமீத் அண்ணை வந்தார். நானும் கூடப் போனன். நூரின்ர கதவைத் தட்டினார். திறக்கேல்லை. கதவோட முகத்தை வைச்சுப் பஷ்தோவில கதைச்சார். ஒண்டும் விளங்கேல்லை, 'மோர்' எண்ட சொல்லைத் தவிர. அவையின்ர பாஷையில அம்மாவாம். முந்தி லாண்டரியில சொல்லித் தந்தபோது நான் விழுந்து விழுந்து சிரிச்சனான்.

கனநேரம். பிறகு திறந்துது. கட்டிப்பிடிக்கேல்லை. பக்கத்தில பக்கத்தில நிண்டு, கையேந்தி அம்மாவுக்காகத் துஆ கேட்டினம். நான் படியில நிண்டு அழுதன்.

முடிய நூர், எனக்கும் விளங்கட்டும் எண்டோ என்னவோ, ஜெர்மனில: "அம்மாவுக்காகத் திறந்தன். இனி வராதேங்கோ."

ஹமீத் அண்ணை தலையாட்டினார். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ எண்டன். நிக்கேல்லை, ஒரு காலை இழுத்து இழுத்துப் படி இறங்கினார்.

18.3 திங்கள்
வெயில். மீன் வாங்கினன், ஊர் விளைமீன் மாதிரி ஒண்டு, பேர் தெரியாது. ஹமீத் அண்ணை வேலைக்கு வந்தார். விரிப்பின்ர மற்ற நுனியைப் பிடிச்சார், அவ்வளவுதான்.

பின்னேரம் படியில நூர். மீன் பையை வாங்கிக் கொண்டுவந்து வாசலில வைச்சார். போகேல்லை. நிண்டார்.

"அவர் ஏன் நொண்டுறார்?"

எனக்குத் தெரியாது. "கேட்டுச் சொல்லட்டோ?"

"வேண்டாம்."