செம்பிக்குத் துணை தேடியது

1994 பெப்ரவரி 6, ஞாயிறு
கடலை பிடுங்கி முடிந்தது. பாதியைக் காட்டுப்பன்றி தின்றுவிட்டது. மார்கழியில் பன்றி இடித்த நாளிலிருந்து இவர் காவலுக்குத் தனியே போனதில்லை. நானும் கூடப் போனேன். அன்று செம்பி குறுக்கே பாய்ந்திருக்காவிட்டால் தொடைக் காயத்தோடு போயிருக்காது. கனகலிங்கம் ஐயா தன் உழவு மிசினில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால்தான் இவர் எனக்கு மிஞ்சினார். அந்த நாய்க்கும் அந்த மனிதருக்கும் நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.
செம்பிக்கு ஆறு வயது. இனி ஒருமுறைதான் குட்டி போடத் தாங்குவாள்.

பெப்ரவரி 11
கனகலிங்கம் ஐயா வந்தார். "பிள்ளை, செம்பியை எங்கட ரெக்ஸோட விடுங்கோ. கொழும்பில இருந்து கொண்டுவந்த அல்சேஷன். நாலு தலைமுறை எழுதின பேப்பர் இருக்கு. குட்டியளுக்கும் ஒரு மதிப்பு வரும்."
இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன். ரெக்ஸ் எழும்பும்போது பின்கால் இழுபடுவதைக் கண்டிருக்கிறேன். அதற்கு நாலு வயதுதான்.

பெப்ரவரி 13
சண்டை. "உயிரைக் காப்பாத்தின மனுசன். அவற்ற நாயை வேண்டாமெண்டு எந்த வாயால சொல்லுறது?" என்கிறார் இவர். சரிதான். ஆனால் அந்தக் குட்டி நாளைக்குப் பன்றிக்கு முன்னால் கால் மடங்கி விழுந்தால்? நன்றிக்கடனை ஒரு நாயின் முதுகில் ஏற்றலாமா?

பெப்ரவரி 15
பின் ஒழுங்கை மூக்கன் அண்ணனிடம் போனேன். அவருடைய மணியன் சும்மா ஊர் நாய்தான். ஆனால் அது ஓடுகிற ஓட்டம்!
"பேப்பர் ஒண்டும் இல்லை தங்கச்சி. ஆனா இதின்ர தாயைத் தெரியும், தாயின்ர தாயையும் தெரியும். ரெண்டும் பன்னிரண்டு வருசம் நல்லா நடந்து திரிஞ்சதுகள். ஒரு பிள்ளையைக் கடிச்சதில்லை."
அப்படியானால் நானும் வம்சம் பார்க்கிறவள்தானே? பார்க்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் நாயைப் பார்க்க வேண்டும். பிறகு, அதன் முன்னோருக்கு என்ன பேர் என்றல்ல, அவை எப்படி நடந்தன, எப்படிச் செத்தன என்று கேட்க வேண்டும்.

பெப்ரவரி 17
நானே போய்ச் சொன்னேன். "ஐயா, ரெக்ஸின்ர பின்காலை ஒருக்காப் பாருங்கோ. தகப்பன் நாய் எப்பிடி இருந்தது?"
ஐயா ரெக்ஸைத் திரும்பிப் பார்த்தார். "அதுவும் கடைசி ரெண்டு வருசம் எழும்பேல்லை," என்றார். பிறகு, "உங்கட நாய், உங்கட விருப்பம்." படலையைச் சாத்தினார்.
எனக்கு ஏன் இந்த வாய் — இவரை ஏற்றிக்கொண்டு போன மனுசனல்லோ.

பெப்ரவரி 20
செம்பியை மணியனோடு விட்டோம். இவர் என்னோடு கதைக்கவில்லை.

ஏப்ரல் 24
ஐந்து குட்டிகள். நாலாவது வர முடியாமல் நின்றுவிட்டது. மூக்கன் அண்ணனின் மனைவி பேச்சியம்மாக்கா எண்ணெய் தடவி மெல்ல எடுத்தா. ஐந்தும் உயிரோடு இருக்கின்றன. செம்பி என் கையை நக்கினாள். கடவுளே, உனக்கு நன்றி.

மே 9
ஐயா இன்றும் எங்கள் பக்கம் திரும்பாமல் போனார்.

ஜூன் 19
ஐயா வந்தார். கதிரையில் இருக்கவில்லை.
"ரெக்ஸை இப்ப தூக்கித்தான் வெளியில விட வேண்டிக்கிடக்கு. நீங்கள் சொன்ன அண்டே எனக்குத் தெரியும், பிள்ளை. தெரிஞ்சதை இன்னொராள் சொன்னதுதான் கோவம்."
ஒரு குட்டி தருவீர்களா என்று கேட்டார். எதையும் எடுங்கோ என்றேன். ஐந்தையும் முற்றத்தில் நடக்கவிட்டு, பின்னால் நின்று நெடுநேரம் பார்த்தார். ஒரு சின்னப் பெட்டைக் குட்டியைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். இவர் அழுதுவிட்டார். நானும்.

1995 ஜனவரி 22
கடலை இம்முறை நன்றாய் விளைந்திருக்கிறது. பின்னேரம் இவர் பொல்லை எடுத்துக்கொண்டு காவலுக்குப் புறப்பட்டார். நான் செருப்பைத் தேடினேன். "நீ இரு," என்றார். பெரிய குட்டி முன்னால் ஓடியது. இவர் திரும்பிப் பார்க்காமல் அதன் பின்னே நடந்தார்.
நான் தேத்தண்ணி ஊற்றி, ஆறுதலாக இருந்து குடித்தேன்.