ரெஜினோல்ட் பாடிய ஃபைல்

கொழும்பு,
புதன்கிழமை

ரெஜினோல்டின் அப்பாவுக்கு,

மாதா துணையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

மகனுடைய லெப்டொப் உடையவில்லை, பயப்படாதீர்கள். அவன் கோயிலில் பாடியதையெல்லாம் ஒரே ஃபைலுக்குள் போட்டு வைத்திருந்தானே, திறந்தால் தனி டிஸ்க் மாதிரி வருமே, அதுதான் வரவில்லை. சார்ஜ் ஏறவில்லை என்று கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர், "அப்டேட்டும் பண்ணவாம்மா?" என்றார். தோட்டத்தில் கங்காணிக்குச் சொல்லிப் பழகின வாய், "சரிங்க" என்றுவிட்டது. அன்றோடு போச்சு.

திரும்பப் போய்க் கேட்டால், "ஃபைல் கெட்டுப்போச்சு, அழிச்சிருங்க" என்கிறார். எனக்கு வந்ததே ஆத்திரம்! "உங்க புள்ள பாடுனதுன்னா அழிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

நான் வேலை செய்கிற வீட்டு நோனாவின் தம்பி சந்துன் பார்த்தார். "ஃபைல் நல்லாத்தான் இருக்கு அக்கே. புதுசா ஏறின கேர்னல்லதான் பிழை, இந்த மாதிரி டிஸ்க்கை அது எடுக்குதில்ல. பழைய கேர்னல்ல திறக்கும்" என்று சிங்களத்தில் சொன்னார். கேர்னல் என்றால் கம்பியூட்டரை உள்ளேயிருந்து நடத்துகிற சாமானாம். பழையதைக் கடைக்காரர் அழித்துவிட்டார். மகன் முதன்முதலில் லெப்டொப்புக்குச் சிஸ்டம் ஏற்றின பென் டிரைவில் அது இருக்குமாம்.

பென் டிரைவ் அவனுடைய நீலச் சட்டைப் பையில் கிடக்கும். பக்கத்து வீட்டு எஸ்தர் கொழும்புக்கு வரும்போது கொடுத்தனுப்புங்கள். அவனுடைய ஆண்டு நினைவுப் பூசைக்கு அந்தப் பாட்டோடு வந்து சேருவேன்.

நோனா கூப்பிடுகிறார். பென் டிரைவைச் சட்டையோடேயே அனுப்புங்கள். சட்டையைத் துவைக்க வேண்டாம்.

பிலோமினா