அக்கா வெட்டவிடாத அருகுலா

அன்பும் அறிவும் அவசரமும் ஒருங்கே வாய்த்த என் மருமகளுக்கு, மூன்றாம் மாடி பால்கனியின் தலைமைக் காவலரும் உன் ஒரே தாய்மாமனுமாகிய நான் எழுதிக்கொள்வது.

நலம் என்று எழுதுவது மரபு, எழுதிவிட்டேன். இனி வருவது உலகத்தில் ஒருவரும் நம்ப முடியாத கதை. நம்பமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு மேலே படி. நடந்ததை நடந்தபடி எழுதி இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. போனில் ஆரம்பித்தால் "மீட்டிங், மாமா" என்று துண்டிக்கிறாய். ஆகவே இந்த முறை பொய்.

விமானம் ஏறிய அன்று, பால்கனியில் இருக்கும் நீளத் தொட்டியில் அருகுலா என்கிற அந்தச் சீமைக் கீரையின் விதையைத் தூவிவிட்டுப் போனாய் அல்லவா? நான்காம் நாள் முளைத்தது. முளைத்த சத்தத்தில் கீழ்வீட்டுத் தையல்காரர் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டார். நெருக்கமாக இருந்த நாற்றுகளைக் களைந்தேன். களைந்ததே மூன்று லாரி. உச்சி வெயில் ஆகாது என்று உன் அம்மா என் கல்யாணச் சட்டையைக் கிழித்து நிழல் கட்டினாள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பதையெல்லாம் அவள் பொருட்படுத்தவில்லை.

முப்பதாம் நாள் இலை உள்ளங்கை நீளம் வந்தது. இந்தக் கீரையை வெளி இலையாகப் பார்த்து வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் அதற்குச் செய்யும் சவரட்சணை. கத்தரிக்கோலோடு போனேன். அக்கா குறுக்கே வந்து நின்றாள். "தொட்டே, கையை ஒடிச்சிடுவேன். நாப்பது நாள்ல வந்துடறேன், முதல் இலை நான்தான் பறிப்பேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா" என்றாள்.

நாற்பது வந்தது. நீ வரவில்லை. "லீவு கிடைக்கலையாம்" என்று தொட்டியிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

ஐம்பதாம் நாள் தண்டு கிளம்பியது. கூரையில் இடித்து, வளைந்து, எதிர்க் கட்டிடத்துக்குப் போய் வாடகைக்கு வீடு கேட்டது. பூவும் வைத்தது. தேனீக்கள் லிஃப்ட் ஏறி வந்தன. முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த நானே அவற்றுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூத்துவிட்டால் அருகுலா கசக்கும். ஓர் இலையைத் திருடித் தின்றேன், என் நாக்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "கசந்துபோச்சுக்கா, பிடுங்கிடலாம்" என்றேன். "உன் வாய் கசப்புடா அது" என்றாள்.

இதற்கு நடுவில் கண் டாக்டர். உன் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். மகள் வரட்டும் என்று தள்ளினாள். மறுபடி குறித்தார், மறுபடி தள்ளினாள். போன வாரம் அவர், "நல்லா முத்திடுச்சும்மா. இனிமேயும் தள்ளினா பார்வை திரும்பும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். அதற்கு உன் அம்மா, "கட்டு அவிழ்க்கறப்ப எதிர்ல இவன் மூஞ்சியா இருக்கணும்?" என்று என்னைக் கைகாட்டினாள். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வருகிற பதினெட்டாம் தேதி என்று முடிவாகியிருக்கிறது. அதையும் தள்ளப்போவதாகத்தான் நேற்று முனகினாள்.

டாக்டரைப் பார்த்து வந்த அன்று சாயங்காலம் நீ படம் அனுப்பினாய். தட்டு நிறைய அருகுலா, பக்கத்தில் கடை டப்பா. "என்னடா அனுப்பியிருக்கா?" என்று கேட்டாள். "உன் போட்டோவைப் பெரிசா மாட்டி வெச்சிருக்கா" என்றேன். பொய்யில் எனக்கு இருக்கும் பயிற்சி உனக்குத் தெரியாததா?

செடி தொண்ணூறாம் நாளே காய்ந்து சருகாகிவிட்டது. அவள் தூங்கும் நேரம் பார்த்து வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டேன். இப்போது தொட்டியில் வெறும் மண். பதினோரு நாளாகக் காலையும் மாலையும் உன் அம்மா அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். "நல்லா தழைச்சிருக்குல்ல?" என்று என்னைக் கேட்கிறாள். ஆமாம் என்கிறேன்.

உன் வேலை செழிக்கட்டும். உன் மேனேஜர் நூறாண்டு வாழட்டும், நடுவில் ஒரு வாரம் மட்டும் உன்னை விட்டுவிட்டு. பதினெட்டாம் தேதிக்கு வந்து அவள் எதிரில் நில்லம்மா. திட்டினால் வாங்கிக்கொள், நான் இத்தனை வருடமாக வாங்கவில்லையா?

இப்படிக்கு,
உன் புளுகு மாமா

லாரியையும் தேனீயையும் நீ நம்பமாட்டாய், சரி. ஆபரேஷனுக்கு டாக்டர் எழுதிய சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். சாட்சி இல்லாமல் நிற்பது அந்த வெறும் தொட்டி ஒன்றுதான். அந்தச் சின்ன விஷயம் நிஜம். இன்று காலையும் ஊற்றினாள்.