உடுத்த துணியைக் கொடுக்காதே என்றீர்களே

என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய அப்பா,

உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். உடனே எழுதவில்லை என்று கோபிக்க வேண்டாம், எழுதுகிற நிலையில் நான் இருக்கவில்லை. வரவேண்டிய மாதத்துக்கு முன்பே அவசரப்பட்டு வந்துவிட்டாள். கையில் தூக்கினால் ஒரு சோற்றுப் பார்சலின் கனம்தான்.

மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய் அவள் வயிற்றுக்குப் போகிறது. நான் பிழிந்து கொடுக்கும் பாலைத் தாதி அதில் ஊற்றுவார். உறிஞ்சவும் விழுங்கவும் இடையில் மூச்சு விடவும் பிள்ளை தானாகப் பழகவேண்டும் என்கிறார் டொக்டர். பழகினால் குழாயைக் கழற்றி வீட்டுக்கு விடுவார்களாம். பழகாவிட்டால் கொழும்புக்கு அனுப்பிப் பார்க்க வேண்டுமாம். கொழும்பில் நமக்கு யார் இருக்கிறார்கள், அப்பா?

நீங்கள் இருந்திருந்தால் முதல் கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். "அந்த மிஸ் எந்த ஊர்?" தாதிகளை இங்கே எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுகிறோம். நானும் விசாரித்தேன். அனுராதபுரப் பக்கம், சிங்களப் பிள்ளை, தமிழ் அரைவாசி வரும். மற்ற மிஸ்மாரோடு சிங்களத்தில் கதைத்துச் சிரிப்பார். எனக்குத் தெரிந்த சிங்களத்தை வைத்து பஸ் ஏறி இறங்கலாம், சிரிப்புக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் மகள் வேறு எப்படி இருப்பாள்? துறைமுகத்தடிக் களஞ்சியத்தில், உள்ளே போகிறவன் பையையும் வெளியே வருகிறவன் மடியையும் பார்த்து அனுப்புவதுதான் உங்கள் வேலை. அங்கே சம்பளத்துக்குச் சந்தேகப்பட்டீர்கள், வீட்டில் சும்மாவே சந்தேகப்பட்டீர்கள். சண்டைக்குள் சம்பூரை விட்டு நாங்கள் ஓடிவந்தபோது யார் யாரைப் பற்றி என்ன சொல்லிக் காட்டிக்கொடுத்தார்கள் என்பது கடைசிவரை உங்களுக்குத் தெரியவில்லை. அதனால் எல்லோரையும் ஒரே அளவாகச் சந்தேகப்படுவது என்று முடிவெடுத்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

சீவிய மயிரைச் சுருட்டி எரிக்கவேண்டும். பொழுதுபட்ட பிறகு கொடியில் துணி கிடக்கக் கூடாது. உடுத்த துணியை அந்நியர் கையில் கொடுக்கவே கூடாது. "சூனியம் செய்யிறவனுக்கு ஒரு நூல் போதும் பிள்ளை" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்!

அந்த மிஸ் வந்து கேட்டது அதைத்தான்.

"அம்மா, நெஞ்சுல வெச்ச துணி ஒண்ணு தாங்க. கழுவ வேணாம். பபாவுக்கு உங்க வாசம் தெரியணும். வாசம் தெரிஞ்சாத்தான் வாய் தேடும்."

பபா என்றால் சிங்களத்தில் கைக்குழந்தை. தலையை ஆட்டிவிட்டு, பார்வையாளர் நேரத்தில் வந்த இவரிடம் சொன்னேன். வாசலில், இந்த ஊர்த் தெருவெல்லாம் திரியும் மான்கள் பார்சல் தாளை மென்றுகொண்டு நின்றன, அவற்றைத் துரத்திக்கொண்டே இவர் சொன்ன பதிலைக் கேளுங்கள். "மாமாவை எரிச்சாச்சு. அவர்ர மூளையை மட்டும் உனக்கு வைச்சிட்டுப் போட்டார். துணிதானே, குடேன்."

கொடுக்கவில்லை. அதைவிடக் கெட்ட ஒரு வேலை செய்தேன்.

தாய்மார் தங்கும் அறையில் என் பக்கத்துக் கட்டிலில் கிண்ணியா முஸ்லிம் பெண் ஒருத்தி இருக்கிறா. அவர்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி நானும் ராத்தா என்றுதான் கூப்பிடுகிறேன். அவவின் மகனுக்கும் குழாய்தான். பழைய மெல்லிய துணி ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி, சட்டைக்குள் வைத்திருந்து, மிஸ் கேட்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பா. அந்த நம்பிக்கையைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒருநாள் காலை அவ முகம் கழுவப் போன நேரம், கட்டிலில் கிடந்த துண்டு ஒன்றை எடுத்து, என்னுடையது என்று மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டேன்.

சூனியம் வந்தால் அவவுக்கு வரட்டும் என்று நினைத்தேனா? இல்லை, அப்பா. அவவுக்கு ஓதிப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள், எனக்கு யார் இருக்கிறார் என்று நினைத்தேன். இப்போது எழுதிப் பார்க்கும்போது அதுவும் பெரிய நியாயமாகத் தெரியவில்லை. ஆனால் அன்றோடு நிறுத்தவில்லை, அடுத்தடுத்த நாளும் அதையே செய்தேன்.

பிள்ளையை என் நெஞ்சில் போட்டால் தூங்கினாள், இல்லையென்றால் முகத்தை மறுபக்கம் திருப்பினாள். நான் வருவதற்கு முன் மிஸ் குழாயில் பாலை ஊற்றிவிடுகிறார் என்று எனக்குச் சந்தேகம். வயிறு நிறைந்த பிள்ளை எப்படித் தேடும்? சொன்ன நேரத்துக்கு முன்பே போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஒன்றும் பிடிபடாதது இன்னும் சந்தேகமாக இருந்தது.

பிறகு அது நடந்தது. பிள்ளையை வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தேன். தன் மகனைப் பார்த்துவிட்டு வந்த ராத்தா, இவளையும் பார்க்க என் தோளுக்கு மேலால் குனிந்தா. செத்த கொடிபோலக் கிடந்த என் பிள்ளை தலையைத் திருப்பினாள். வாயை ஆவென்று திறந்து, நாக்கை நீட்டி, ராத்தாவின் பக்கம் தேடினாள்.

"பாருங்க, பாருங்க, பபா தேடுது!" என்று மிஸ் ஓடிவந்தார். வந்த பிறகுதான் யாரைத் தேடுகிறாள் என்று கண்டார்.

"என்ன மகள், என்னையா உம்மா எண்டு நெனச்ச?" என்று ராத்தா சிரித்தா. அங்கே நின்ற எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பிள்ளை பிறந்து முதன்முதலாகத் தேடிய ஆள் நான் இல்லை, அப்பா. அந்த வலியை எதோடு வைத்துச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு பேரிடமும் உண்மையைச் சொன்னேன், சூனியப் பயத்தையும் சேர்த்து. ராத்தாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "என்னட்டக் கேட்டிருந்தா ரெண்டு தந்திருப்பனே புள்ள. அப்ப, சூனியம் எனக்கு வந்தாப் பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டு, கட்டிலுக்குப் போய் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா. தேத்தண்ணி வந்ததும் தன் பணிஸ் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளிவிட்டா, முகம் பார்க்காமல்.

மிஸ் முதலில் சிங்களத்தில் ஏசினார். பிறகு தமிழுக்கு வந்தார். "வேற ஆள்ட துணி பபாவுக்குக் கூடாது அம்மா, கிருமி வரும்." ஏன் இவ்வளவு பயம் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. மணிக்கட்டில் ஓதிக் கட்டியிருந்த வெள்ளை நூலைக் காட்டினார். "எங்க அம்மாவும் குடுக்க மாட்டாங்க. எங்க ஊர்ல ஹூனியம் பயம் இல்லையா? எங்க அம்மா முடியக்கூட எரிக்கிறாங்க."

அப்பா, உங்கள் ஆள் ஒருத்தி அனுராதபுரப் பக்கத்தில் இருக்கிறா. நீங்கள் இரண்டு பேரும் சந்தித்திருந்தால் ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டீர்கள்.

"நான் தொடவே மாட்டன்" என்றார் மிஸ். "நீங்களே வைங்க, நீங்களே எடுங்க, நீங்களே கொண்டு போங்க." அப்படியே செய்தோம். நெஞ்சில் வைத்திருந்த என் லேஞ்சித் துணியை நானே அவள் கன்னத்தடியில் வைத்தேன், நானே எடுத்தேன். மிச்ச நேரமெல்லாம் அவளை என் சட்டைக்குள், தோலோடு தோலாக வைத்திருந்தேன். இரண்டு மூன்று நாள் ஒன்றுமில்லை. அவள் மூக்கு இன்னும் ராத்தாவின் பக்கம்தான் என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு மத்தியானம் வாயால் என் நெஞ்சில் தட்டுத்தடுமாறித் தேடினாள், பிடித்தாள், இழுத்தாள்.

எல்லோருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு மிடறையும் களஞ்சிய வாசலில் நிற்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். இழுத்தாள், விழுங்கினாள், மூச்சு விட்டாள். இழுத்தாள், விழுங்கினாள், மறுபடி இழுத்தாள். மூச்சு எங்கே? உதட்டோரம் கறுப்பதைக் கண்டேன். மிஸ் அப்போது வேறொரு பிள்ளையிடம் நின்றார். சட்டென்று வாயை விடுவித்து, நிமிர்த்தி முதுகைத் தடவினேன். ஒரு சின்ன இருமல், பிறகு நிறம் திரும்பியது.

"எப்படிக் கண்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே மிஸ் ஓடிவந்து பிள்ளையைப் பார்த்தார்.

"நான் ஒருத்தரையும் நம்பிறதில்லை மிஸ். இவளையும்தான்."

"பால் குடுக்கிற நேரம் அது நல்லது" என்றார் அவர். மூன்று நான்கு இழுவைக்கு ஒருமுறை வாயை விடுவித்து மூச்சு விட வைக்கக் காட்டித் தந்தார்.

நேற்றுக் குழாயைக் கழற்றிவிட்டார்கள், அப்பா. ஒட்டியிருந்த பிளாஸ்டரின் சிவப்புத் தடம் கன்னத்தில் இன்னும் இருக்கிறது. குழாய் இல்லாத முகத்தை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பசி வந்து சிணுங்கினாள், எடுத்து அணைத்தேன். அவள் நான் எந்த ஊர் என்று கேட்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளை, இந்தப் பாலில் என்ன இருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு குடித்தாள். என்னை விசாரிக்காமல் நம்பிய முதல் ஆள் அவள்தான்.

இப்போது சொல்லுங்கள், அவளுக்கு உங்கள் பாடத்தை எப்போது தொடங்குவது? எனக்கு அவசரமில்லை. வாசலில் நான் நிற்கிறேன். வருகிறவன் பையையும் போகிறவன் மடியையும் நீங்கள் பழக்கியபடியே பார்க்கிறேன். உள்ளே இருக்கிறவள் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கட்டும். அந்தக் கண்ணைப் பயத்தால் திறக்க வைக்கிற ஆளாக நான் ஒருநாளும் இருக்கமாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்களையும் சேர்த்து யாரையும் லேசில் நம்பாத உங்கள் மூத்த மகள்,
நேற்றிலிருந்து ஒரு பிள்ளையின் அம்மா