சனிக்கிழமை போன ஆயாவும் திரும்பி வந்த கோழியும்

ஐப்பசி 10, ஞாயிறு

விடியலிலிருந்து மழை. கணக்கு வீட்டுப்பாடம் செய்யவில்லை. இந்த வாரம் யாரும் கேட்கமாட்டார்கள்.

நேற்று காலை ஆயா, அப்பாவின் அம்மா, செத்துப்போனாள். சாயங்காலமே எடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை செத்தவர்கள் துணைக்கு ஓர் உயிரைக் கூட்டிக்கொண்டு போவார்களாம். அதற்காகப் பாடையில் ஒரு கோழியைக் கட்டி அனுப்புவார்கள். மழையில் கோழி வாங்க அப்பா எங்கும் போகவில்லை. ஆயா வளர்த்த மொட்டைக்கழுத்துக் கோழியையே பிடித்துக் கட்டினார். வாய்க்கால் தாண்டும்போது கயிறு நழுவியிருக்கிறது. மேளச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை.

இன்று ஆண்கள் பால் தெளிக்கப் போயிருந்தபோது கோழி வீட்டுக்கு வந்துவிட்டது. வாசலில் நின்றது. காலில் சணல்.

வில்லியனூர் அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். அப்பா வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டா, அம்மா வளத்த கோழிக்கு வூடு தெரியாதா? வேற வூட்டுக் கோழியக் கட்டணும்னு உனுக்கு அறிவு வேணா?"

"அடிக்கிற மழைல கோழிக்கு நான் மதகடிப்பட்டுக்கா போவேன்?"

"இப்ப வூட்லேருந்துதான் ஒண்ணு போவப் போவுது. பிரியமா இருந்ததைத்தான் அவ கூப்புடுவா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார்.

நெல் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். சிம்னி விளக்கைச் சின்னதாக வைத்திருக்கிறேன்.

ஐப்பசி 11, திங்கள்

பள்ளிக்கூடம் போனேன். யாராவது பின்னால் கூப்பிட்டால் திரும்பக் கூடாது என்று அத்தை சொல்லியிருக்கிறாள். வழியில் விமலா கூப்பிட்டாள். அவள் குரல்தான், தெரியும். ஆனாலும் திரும்பவில்லை. கோபித்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

ஆயாவுக்கு என்மேல் அப்படி ஒன்றும் பிரியம் இல்லை. யோசித்து எழுதுகிறேன்:

– என் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ ஒட்டடக்குச்சி!" அவ்வளவுதான்.

– புளியமரத்தில் ஏறியதற்குத் துடைப்பக்கட்டையால் அடித்தாள். (அப்புறம் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு அவளே ஏறினாள். "கால இங்க வெய்யிடி. அங்க வெச்சா வாது முறியும்." இதைச் சேர்க்கக் கூடாது.)

– கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் உட்காரச் சொல்லவில்லை என்று கிளார்க்கின் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தாள். "நீ நில்லு சார், நான் நின்ன நேரம் நீயும் நில்லு." எனக்கு அவமானத்தில் அழுகை வந்துவிட்டது. (வரும்போது கலர் வாங்கினாள். முக்கால் பாட்டில் எனக்கு.)

போதவில்லை. எதை எழுதினாலும் மாறிப் போகிறது.

ஐப்பசி 13, புதன்

ஜுரம். நேற்றே ஆரம்பித்துவிட்டது, சொல்லவில்லை. இன்று வாந்தி. அத்தை நெற்றியைத் தொட்டாள், வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். "நான் இன்னா சொன்னேன்?" என்று அப்பாவிடம். மெதுவாகத்தான் சொன்னாள். கேட்டது.

கோழி பஞ்சாரத்துக்குள். அறுக்கவும் பயம், விடவும் பயம். யாரும் தீனி போடவில்லை. நான் போட்டேன்.

கண்ணை மூடினால் ஆயா முதுகில் தடவுகிற தைலத்தின் வாசனை. நான்தான் தினமும் தேய்த்துவிடுவேன். என் விரலில்கூட இருக்கிறது. சீயக்காய் போட்டுக் கழுவினேன்.

ஆயா, நான் எட்டாவதே முடிக்கவில்லை. பாவாடை தையல்காரரிடம் இருக்கிறது. இந்த வருஷம் தீபாவளி கிடையாது, ஆனாலும் இருக்கிறது.

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணல்.

ஐப்பசி 14, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதவேண்டும்.

அம்மாவும் ஆயாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளமாட்டார்கள். பேசினால் சண்டை. "உங்கம்மாகிட்ட உப்பு கேளு" என்பாள் ஆயா, அம்மா பக்கத்திலேயே நிற்பாள். அந்த அம்மா இன்று காலையில் தோட்டத்துப் பக்கம் போனாள். ஆயாவைக் குளிப்பாட்டிய இடத்தில், கொட்டுகிற மழையில், இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏ கெழவி! கேக்குதா? இத்தினி வருசம் உனுக்குக் கஞ்சி ஊத்தனவ நான். தொணை வேணும்னா என்னைக் கூப்புடு, அங்க வந்தும் சண்ட போடறேன். எம் பொண்ணு மேல கை வெச்ச, காரியத்துல உன் எலைக்கு உப்பில்லாமதான் படைப்பேன்!"

"ஐயோ, செத்தவகிட்ட இன்னாடி பேச்சு இது!" என்றாள் அத்தை.

"இருந்தப்பவும் இப்பிடித்தான் பேசினேன். இதான் அவுங்களுக்குப் புரியும்."

பஞ்சாரத்தைத் தூக்கிக் கோழியைப் பிடித்தாள். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். எங்கே போகிறாள் என்பது கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை.

"பொம்பள சுடுகாட்டுக்குப் போவாளா? டேய், உம் பொண்டாட்டியப் புடிடா!"

அப்பா எழுந்தார். எழுந்து அப்படியே நின்றார்.

அம்மா திரும்பி வந்து கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். கோழியைச் சுடுகாட்டில் வேலை செய்கிறவரிடம் கொடுத்துவிட்டாளாம். ஈரக் கையை என் நெற்றியில் வைத்தாள். நான் கேட்டேன்.

"ஆயா இருந்துச்சா?"

"யாரும் இல்லடி. மழைல சாம்பல்கூட இல்ல."

பிறகு தலையைத் துவட்டிக்கொண்டே, "சினிமா கொட்டாய்க்குக்கூட ஒருத்தரையும் கூட்டிக்கினு போவாத பொம்பள. சந்தைக்கும் தனியா, சண்டைக்கும் தனியா. அவுங்களுக்கு எதுக்குத் தொணை?" என்றாள். சிரித்தாள் என்று நினைத்தேன். முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை.

ஐப்பசி 15, வெள்ளி

ஜுரம் இல்லை. ரசம் சாதம், சுட்ட அப்பளம் பாதி. மழை விட்டுவிட்டது. விமலா வீட்டுக்கு வந்து பாடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா சொன்னது சரிதான். போன மாதம் பஸ் வரைக்கும் ஆயா பின்னாலேயே ஓடினேன். படியில் நின்று திரும்பி, "வூட்டுக்குப் போடி. என் கூட எவளும் வரக் கூடாது" என்றாள். ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு அதற்காக அழுதேன்.

அத்தை நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறாள். அப்பா சாப்பிட்டுவிட்டுக் குறட்டை. எல்லோருக்கும் பயம் போய்விட்டது. எனக்கும்தான்.

பாயில் இன்னும் ஆயா படுக்கிற சுவர்ப் பக்கம் இடம் விட்டுத்தான் படுக்கிறேன்.

ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். நான் போயிருக்கமாட்டேன். சும்மா, ஒட்டடக்குச்சி என்று ஒரு தடவை.