முனியாண்டியின் இலையில் ஒரு பிடி கஞ்சா

முனியாண்டிக்குக் கடைசிவரை விளக்கேற்றிய என் அண்ணே,

மெர்டேக்கா வந்துவிட்டது, மலாயாவுக்குச் சுதந்திரம். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் நீயும் பார்த்திருப்பாய். மலாக்காவில் பண்டார் ஹிலிர் பக்கம் புதுக்கொடி பறக்கிறது. எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நான்தான் நம் காஜா பெராங் தெருவில் தலை குனிந்து நடக்கிறேன்.

காரணத்தைக் கேள். வெள்ளைக்காரன் போட்ட சட்டமும் அவனோடு கப்பலேறிவிட்டது என்று நம்பினேன். நம்பியது தப்பா, நீயே சொல். நாகப்பட்டினத்தில் அரசாங்க முத்திரை போட்ட கடையில் கஞ்சா வாங்கி ஊர் முனியாண்டிக்குப் படைத்தவன் நீ. கடல் தாண்டி வந்து, அதையே அதே சாமிக்கு வைத்ததற்கு இங்கே விலங்கு போட்டார்கள். "சாமிக்கு வெச்சது. வெச்சவன் நான்தான்" என்று கோர்ட்டில் நிமிர்ந்து சொன்னாய். துரை உன்னை ஜெயிலுக்கு அனுப்பினார்.

அந்தச் சட்டம் ஒழிந்தது என்றுதான் இந்த வருடப் படையலில், கோழிக்கறிக்கும் சுருட்டுக்கும் பக்கத்தில், எல்லாரும் பார்க்க ஒரு பிடி கஞ்சா வைத்தேன்.

ரோந்து வந்த மலாய்க் கான்ஸ்டபிள் குனிந்து முகர்ந்தார். "மெர்டேக்கா" என்றேன். "சாமா ஜுகா" என்றார், எல்லாம் அதேதான் என்று.

ஸ்டேஷனில் தமிழ் இன்ஸ்பெக்டர். "பெரியவரே, கொடிதான் மாறியிருக்கு. சட்டம் மாறல."

"கள்ளுக்கடைக்கு லைசென்ஸ் குடுக்குறீங்க. எஸ்டேட்ல எத்தன பேர் குடிச்சே செத்தாங்க. சாமிக்கு ஒரு பிடி இலை வெச்சா குத்தமா? என் பேர எழுதிக்குங்க. கோர்ட்டுக்கு வர்றேன்."

அவர் பேனாவை எடுக்கவேயில்லை. அதற்குள் என் மகன் செல்வம் ஓடி வந்துவிட்டான். அரசாங்க ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை. அது போய்விடுமோ என்று பயம். "சார், பெரியப்பா செத்ததிலேர்ந்து அப்பாவுக்குப் புத்தி சரியில்ல. மன்னிச்சு விட்ருங்க" என்றான்.

"கூட்டிட்டுப் போப்பா. காப்பி வாங்கிக் குடு" என்றார் இன்ஸ்பெக்டர். பின்னால் சிரிப்பு கேட்டது.

அண்ணே, வெள்ளைக்காரன் உன்னைக் குற்றவாளி என்றான். நம் ஆட்கள் என்னை அப்படிக்கூட மதிக்கவில்லை. எது பெரிய அவமானம்? ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடைக்காரர் என்னைக் கண்டால் "காப்பி குடிச்சாச்சா?" என்கிறார். இப்போது சுற்றுவழியில் போகிறேன்.

மகனைத் திட்டவும் வாய் வரவில்லை. அவன் பிள்ளைகள் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள். நானும் அதில்தான் சாப்பிடுகிறேன். நான் சாமிக்காகப் பேசினேன், அவன் அடுப்புக்காகப் பேசினான். நீ இருந்தால் யார் பக்கம் நின்றிருப்பாய்?

சட்டம் தப்பு என்று இன்றும் சொல்வேன். ஆனால் அவன் வேலையோடு விளையாட மாட்டேன். அடுத்த படையலில் கஞ்சா இருக்காது. பதிலுக்குக் கள் வை, பிராந்தி வை என்கிறார்கள். வைக்க மாட்டேன். இலையில் அந்த இடம் காலியாகவே இருக்கும். ஏன் காலி என்று யார் கேட்டாலும் உன் பெயரைச் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்த தம்பி,
கோவிந்தன்